நின்று பார்க்க ஒரு நேரம்

மலேசியாவின் கெடாவில், எங்கள் ரப்பர் தோட்டத்தில் காரணம் இல்லாமல் யாரும் பயணம் போனதில்லை. கூலிமில் ஒரு சாவு, லூனாசில் ஒரு கல்யாணம், தைப்பூசத்துக்குச் சுங்கைப்பட்டாணி முருகன் கோயில், இல்லையென்றால் பினாங்குத் தண்ணீர்மலை. போவதற்கு ஒரு முகாந்திரம் இருக்கும். கூடவே லோரி நிறைய ஆட்களும் இருப்பார்கள். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புவதெல்லாம் துரை வீட்டு வழக்கம். ஐரோப்பாவுக்குப் போய், ரயிலில் ஊர் ஊராகத் தனியாகச் சுற்றப் போகிறேன் என்றதும் பெடோங்கில் இருக்கும் சித்தி கேட்டார்: "தொணைக்கு ஆளு இல்லாம அங்க போயி என்னாத்தம்மா பாக்கப் போற?"

அக்கறையோடு கேட்ட கேள்வி அது. என்னையும் விடவில்லை. பணத்தையும் நேரத்தையும் செலவழித்து, யாருக்கும் உதவாமல், யாரையும் சந்திக்காமல் ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வருவதால் என்ன ஆகிவிடும்? இப்படிக் கேட்கிறவர்கள் பயணத்தையே அறியாதவர்கள் அல்ல. எங்கள் குடும்பங்கள் கடல் தாண்டி வந்தவை. நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி, பினாங்குக்கு எதிரே ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் கிடந்து, பிறையில் ரயில் பிடித்துக் கெடாவுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த ரயில்பாதை 1915இல் அலோர் ஸ்டார் வரைக்கும், 1918இல் பாடாங் பெசார் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் வந்தவர்கள் வழியில் எதையும் நின்று பார்க்கவில்லை. கங்காணி சொன்ன இடத்தில் ஏறினார்கள், சொன்ன இடத்தில் இறங்கினார்கள். அதன்பின் விடியுமுன் பெரட்டில் ஆள்கணக்கு, கொடுத்த நிரையில் மரம், பால் எடுத்து நிறுத்துப் போட்ட பிறகு லயத்து வீடு. என் அம்மா ஜெராய் மலையைத் தினமும் பார்த்தபடி பால் வெட்டியவர். அந்த மலைமேல் ஒருநாளும் போனதில்லை. போகலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதுமில்லை.

அதனால், பார்ப்பதற்கென்றே போவது எனக்கு ஆடம்பரமாகத் தோன்றவில்லை. எங்களுக்குச் சேர வேண்டியது இத்தனை நாள் கழித்து என் கைக்கு வந்திருக்கிறது என்றே நினைத்தேன்.

யூரேல் பாஸ் எடுத்துக்கொண்டேன். ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்கிறவர்களுக்காகவே 1959இல் தொடங்கிய சீட்டு அது. ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, புடாபெஸ்ட் என்று போனேன். தேவாலயங்களையும் அரண்மனைகளையும் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது ஊர்களுக்கு இடையில் ரயிலில் ஓடிய ஓட்டம்தான். ஜெர்மனியில் ரயில் நிற்கும் மேடை வரைக்கும் நடந்து போகலாம். தடுப்புக் கதவுகள் கிடையாது. பெர்லினிலிருந்து பிராகுக்குப் போகும்போது டிரெஸ்டன் தாண்டியதும் எல்பே ஆறு இடப்பக்கம் வந்து சேர்ந்துகொள்கிறது. மணற்பாறை மலைகளுக்கு நடுவே ஆறும் தண்டவாளமும் சேர்ந்தே வளைகின்றன. செக் ரயிலின் உணவுப் பெட்டியில் சூப் ஆறிப்போகும்வரை சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சாப்பிடு, ஆறிடப்போவுது" என்று சொல்ல யாரும் இல்லை. வீட்டில் நான் மகள், அக்கா, அத்தை. அந்த இருக்கையில் இவை எதுவாகவும் நான் இருக்க வேண்டியிருக்கவில்லை. அது தப்பிப்பு என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அது ஓய்வு.

ஆனால் தனியாகப் போனதன் முழுப் பயனையும் நான் உணர்ந்த இடம் பெர்லினின் மேற்கு ஓரத்தில் இருக்கும் குருனேவால்ட் நிலையம். மரங்கள் சூழ்ந்த அமைதியான புறநகர். அங்கே 17ஆம் எண் மேடையில் இப்போது ரயில் வருவதில்லை. நாஜி ஆட்சியில் பெர்லின் யூதர்களை ஏற்றி அனுப்பிய இடங்களில் அது முக்கியமானது. 1998இல் ஜெர்மன் ரயில் நிறுவனமே அங்கே நினைவிடம் அமைத்தது. மேடையின் விளிம்பு நெடுக இரும்புத் தகடுகள், மொத்தம் 186. ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, எத்தனை பேர், எந்த ஊருக்கு என்பது மட்டும். 1941 அக்டோபர் 18 முதல் தகடு. அங்கிருந்து நடக்க நடக்கச் சில தகடுகளில் ஆயிரத்துக்கும் மேல், சிலவற்றில் நூறு. 1945 மார்ச் 27ஆம் தேதித் தகட்டில் 18 பேர், தெரேசியன்ஸ்டாட். போர் முடிய ஆறு வாரமே இருந்த நேரத்தில், வெறும் 18 பேருக்காகவும் ஏற்பாடு செய்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தகட்டை விட்டு நகர எனக்கு நெடுநேரம் ஆயிற்று. கூட்டத்தோடு வந்திருந்தால் அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டதென்று கூப்பிட்டிருப்பார்கள், நானும் போயிருப்பேன்.

அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது சயாம், அதாவது தாய்லாந்து. என் தாத்தாவின் தம்பி 1943இல் சயாமுக்குப் போனவர். சில மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைத் திரட்டினார்கள். பல இடங்களில் பிடித்தே கொண்டுபோனார்கள். கெடா வழியாக வடக்கே போகும் இதே பாதையில், சரக்கு வண்டிகளில் அடைத்து, தாய்லாந்தின் பான் போங்கில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கிருந்து பர்மா வரை 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதை. வாந்திபேதி, மலேரியா, பட்டினி. சின்னத் தாத்தா திரும்பவில்லை. எந்த நாளில் செத்தார் என்று தெரியாததால் வீட்டில் திதிகூடக் கிடையாது. பாட்டி தீபாவளிக்கு முந்தைய நாள் படையலில் அவருக்கும் சேர்த்து ஓர் இலை போடுவார்.

ஊர் திரும்பியபின் சுங்கைப்பட்டாணியில் ரயில் ஏறி பாடாங் பெசார் வரை போனேன், அதுவும் தனியாகத்தான். இரட்டைத் தண்டவாளம், 2015 முதல் மின்ரயில் ஓடுகிறது. குரூண் வரும்வரை இடப்பக்கம் ஜெராய் மலை கூடவே வருகிறது, எல்பே போல. அதன்பின் கோபா, அலோர் ஸ்டார் என்று வயல்வெளி. நிலையங்கள் சுத்தமாக, அழகாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இறங்கி நின்று பார்த்தேன். சயாமுக்கு ஏற்றிப்போனவர்களைப் பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை.

எங்கள் சங்கங்கள் சிலைக்கும் மண்டபத்துக்கும் பணம் திரட்டுகின்றன. இந்த நிலையங்களில் ஒரு தகடு வைக்க எவ்வளவு ஆகிவிடும்? குருனேவால்டில் இருப்பதுபோல் தேதியும் ஆள் எண்ணிக்கையும் நம்மால் பொறிக்க முடியாது. ஜெர்மானியர்கள் வைத்திருந்ததுபோல் நம் ஆட்களுக்குப் பெயர்ப்பட்டியல் கிடைப்பது கடினம். ஆனால் ஆண்டு தெரியும், பாதை தெரியும், போய்ச் சேர்ந்த இடம் தெரியும். எந்தெந்தத் தோட்டத்திலிருந்து போனார்கள் என்பதைப் பெடோங், பாடாங் செராய், கூலிம் பக்கத்துப் பழைய குடும்பங்களைக் கேட்டால் பெருமளவு எழுதிவிடலாம். தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறி, ஆட்கள் பட்டணங்களுக்குச் சிதறிவிட்டார்கள். அப்பா அம்மா வாயால் நேரில் கேட்டவர்களே இன்று எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த வருஷமே கேட்க வேண்டும்.

அப்படி ஒரு தகடு வந்தால் அதை நம்மவர்கள் மட்டும் படிக்க வேண்டும் என்பதில்லை. தாய்லாந்தின் ஹட்ஜாய் போகிற வழியில் தோள்பையோடு தனியாக இறங்குகிற ஒரு போலந்துப் பெண்ணோ ஜப்பானிய இளைஞனோ படிக்கட்டும். குருனேவால்டிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் எனக்குப் புரியும்படி அங்கே எழுதி வைத்திருந்தார்கள்.