ஒரே வானூர்தி, இருவேறு இருக்கைகள்

ஒரே வானூர்தியில் ஏறி, ஒரே வேளையில் புறப்பட்டு, ஒரே வேளையில் தரையிறங்கும் இருவருள் ஒருவர் காலை நீட்டிப் படுத்துறங்கிச் செல்கிறார். மற்றவர் முழங்கால் முன்னிருக்கையில் இடிக்க, அமர்ந்த நிலையிலேயே செல்கிறார். இவ்வேற்றுமை பணப்பையை மட்டும் பொறுத்ததா, அறத்தையும் பொறுத்ததா என்னும் வினா இன்று நம்மவர் இல்லங்களிலும் எழுந்துள்ளது. மக்கள் கடல் கடந்த நாடுகளில் பணிபுரிய, பெற்றோர் அங்குச் சென்று வரும் குடும்பங்கள் பலவாகிவிட்டன. ஆதலின் இதனைச் சற்று ஆழ்ந்து சிந்தித்தல் நலம்.

ஏர் இந்தியா நிறுவனம் 2024 சனவரியில் இயக்கத் தொடங்கிய ஏர்பஸ் ஏ350-900 வகை வானூர்தியை எடுத்துக்கொள்வோம். அதில் இருக்கைகள் 316. அவற்றுள் பிசினஸ் கிளாஸ் எனப்படும் வணிக வகுப்பிற்கு 28, இடைப்பட்ட வகுப்பிற்கு 24, எகானமி எனப்படும் சிக்கன வகுப்பிற்கு 264. முன்பகுதியில் வரிசைக்கு நால்வர். பின்பகுதியில் வரிசைக்கு ஒன்பதின்மர். முன்பகுதி இருக்கை ஒவ்வொன்றும் இழுத்து மூடும் கதவுடைய சிற்றறை போன்றது. வேண்டும்போது முழுப் படுக்கையாக விரியும். கட்டணமோ பின்பகுதியினதைப் போல் பல மடங்கு.

இத்துணைப் பொருள் கொடுத்து வாங்குவது யாது? விரைவு அன்று, இருவரும் ஒருங்கே சென்று சேர்கின்றனர். பாதுகாப்பும் அன்று, இருவரையும் சுமப்பது ஒரே இறக்கை, ஓட்டுபவரும் ஒருவரே. பழைய வானூர்திகளினும் இதனுள் காற்றழுத்தம் உடலுக்கு இதமாக அமைந்துள்ளது; அவ்விதமும் அனைவர்க்கும் பொது. நம் நோன்பிற்கேற்ற கிழங்கு நீக்கிய உணவினை முன்கூட்டியே கேட்டுப் பதிந்தால், பல நிறுவனங்கள் எவ்வகுப்பினர்க்கும் தருகின்றன. எனவே வாங்கப்படுவன மூன்றே: படுக்கை, தனிமை, முந்துரிமை.

இவற்றை விரும்புதல் குற்றமா? உடனே ஆம் எனல் நேர்மையன்று. பதினான்கு மணி நேரத்திற்கு மேல் அமர்ந்தே செல்லுதல் முதுகெலும்பு தேய்ந்தவர்க்கும், அறுவை மருத்துவம் செய்துகொண்டவர்க்கும், முதுமை அடைந்தவர்க்கும் பெருந்துன்பம். அவர்க்குப் படுக்கை என்பது போகமன்று, மருந்து. அன்றியும் முன்பகுதியினர் தரும் மிகுகட்டணம் அப்பயணத்தின் செலவில் பெரும்பங்கைத் தாங்குகிறது என்பதும் மறுக்கவொண்ணாதது. நேர்வழியில் ஈட்டிய பொருளைக் கொடுத்து, விற்கப்படும் ஒன்றை வாங்குபவர் எவரையும் வஞ்சித்தவர் ஆகார்.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. படுத்துச் செல்பவர் அடைத்துக்கொள்ளும் இடம் மிகுதி. ஆதலின் எரிபொருளில் அவர் பங்கும் மிகுதி. வணிக வகுப்புப் பயணி ஒருவரால் வெளிப்படும் கரிப்புகை, சிக்கன வகுப்பினரதைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு என்று உலக வங்கியின் 2013 ஆம் ஆண்டு ஆய்வுரை ஒன்று கணித்தது. ‘நான் ஏறினும் ஏறாவிடினும் வானூர்தி பறக்கத்தானே போகிறது?’ என்பார் உளர். ஒருநாள் பயணத்திற்கு அது மெய்யே. ஆனால் இருக்கைகளை எவ்வாறு அமைப்பது என்பதை நிறுவனங்கள் நம் விருப்பத்தைப் பார்த்தன்றோ முடிவு செய்கின்றன? சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை அடுத்த நூவார்க்கிற்கு இடைநில்லாது விட்ட வானூர்தியும் ஏ350-900 வகையைச் சார்ந்ததே. அதில் இருக்கைகள் 161 மட்டும். அவற்றுள் 67 வணிக வகுப்பு. சிக்கன வகுப்பு அறவே இல்லை. நெடுந்தொலைவு பறக்கச் சுமையைக் குறைக்க வேண்டியிருந்தமையும் ஒரு காரணமே. எனினும் அக்குறைந்த இடங்களும் மிகுபொருள் கொடுப்பார்க்கே ஒதுக்கப்பட்டன. நாம் விரும்புவதே நாளை உலகின் அமைப்பாகிறது என்பதற்கு இது சான்று.

புறத்தே நிகழும் இக்கேட்டினும் அகத்தே நிகழ்வது இன்னும் நுண்ணியது. வணிக வகுப்பில் முழுதும் படுக்கும் இருக்கையை பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் கொணர்ந்தது. அதற்கு முன் அவ்வகுப்பினர் சாய்விருக்கையில் உறங்கி, அதனையே பெரும்பேறாகக் கருதினர். இன்று அதே சாய்விருக்கையைக் கொடுத்தால் குறை கூறுவர். படுக்கை வந்தபின் கதவு வேண்டியதாயிற்று. இருக்கை மாறியதேயன்றி மனிதன் முதுகு மாறவில்லை. மாறியது மனத்தின் அளவுகோலே. நேற்றுவரை போதுமாயிருந்ததை இன்று துன்பமாக்கிவிடுதல் இன்பத்தின் இயல்பு.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. முதல் வகுப்பு உள்ள வானூர்திகளில், பின்பகுதியினரிடையே சினமும் பூசலும் மிகுதி என 2016 இல் ஆய்வாளர் இருவர் எழுதினர். அவர்தம் கணக்கு முறையை ஏற்காத அறிஞரும் உளர். அக்கணக்கு எவ்வாறாயினும், உள்ளே நுழைவோர் அகன்ற இருக்கைகளைக் கடந்து தம் ஒடுங்கிய இடத்தை அடையும்போது, ஒரு சாரார்க்குப் பொறாமையும் மறுசாரார்க்குச் செருக்கும் எழுதல் எளிது என்பதை அறிய ஆய்வு வேண்டுவதில்லை. இரண்டும் கட்டே. காந்தியடிகள் 1917 இல், இரயிலின் மூன்றாம் வகுப்பில் தாம் கண்ட இடர்களை விரிவாக எழுதினார். உயர் வகுப்பில் செல்ல இயன்றும் அவர் அங்கே அமர்ந்தமையாலன்றோ அவ்விடர்கள் அவர் கண்ணிற்பட்டன? கதவை மூடிக்கொண்டார்க்குப் பிறர் துன்பம் தெரிவதில்லை. கருணைக்கு முதற்படி காண்டல்.

இனி, இல்லறத்தார்க்கு நம் ஆசிரியர் வகுத்த நெறியை நோக்குவோம். துறவறத்தார் கால்நடையாகவே செல்வர்; அவர் நிலை நமக்கு இயலாது. இல்லறத்தார்க்கு மிகுபொருள் விரும்பாமையோடு, போகோபபோக பரிமாணம் என்னும் விரதமும் விதிக்கப்பட்டுள்ளது. ஒருமுறை நுகர்ந்து கழிப்பது போகம்; மீளமீள நுகர்வது உபபோகம்; இரண்டிற்கும் அளவு வகுத்துக்கொள்வதே இவ்விரதம். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அளவு செய்யத்தக்கவற்றை எண்ணுமிடத்து, உணவோடு ஊர்தியையும் படுக்கையையும் கூறுகிறார். ஊர்தியே படுக்கையாகும் காலம் ஒன்று வரும் என அவர் எண்ணியிரார்; ஆயினும் அவர் வகுத்த அளவு இதற்கும் பொருந்துகிறது. வாழ்நாள் முழுமைக்கும் கொள்வது யமம், குறித்த காலத்திற்குக் கொள்வது நியமம் என்று அவர் பிரித்தமையும் நமக்கு எளிமை தருகிறது. ‘இவ்வாண்டு மருத்துவக் காரணமின்றி வணிக வகுப்பில் செல்லேன்’ என்பதும் ஒரு நியமமே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இவ்விரதம் அளப்பது விலையையன்று, நுகர்வை. ‘அலுவலகம் பணம் கட்டுகிறது, எனக்கென்ன?’ என்பாரும், ‘கேளாமலே மேல்வகுப்பில் இடம் தந்தனர்’ என்பாரும் தம் பணப்பையைக் கணக்கிட்டனரேயன்றித் தம் மனத்தைக் கணக்கிட்டாரல்லர். பிறர் பொருளால் வரும் இன்பமும் நம்மையே பழக்குகிறது; அடுத்த பயணத்தில் அது கிட்டாதபோது வருந்தப்போவதும் நாமே. ஆதலின் அளவினை மெத்தையில் சாய்ந்தபின் வகுத்தல் ஆகாது. சீட்டு வாங்குமுன் வகுத்தல் வேண்டும்.

அவ்வளவைக் காண்பதற்கு ஒரு வினா போதும்: ‘மறுமுறை பின்பகுதியில் அமர நேரின் என் மனம் அமைதியாயிருக்குமா?’ ஆம் எனின், அவ்வின்பம் இன்னும் நம் ஆட்சியில் உள்ளது. இல்லை எனின், நாம் அதன் ஆட்சியில் உள்ளோம். உடல்நலமுடைய இளைஞர் இவ்வினாவை அஞ்சாது எழுப்பிக்கொள்ளல் வேண்டும். மூட்டுவலியால் வருந்தும் தாய்க்கு மகன் வணிக வகுப்பில் இடம் வாங்கித் தருவது அன்பின் கடமை. அதனை ஆடம்பரம் என்று அத்தாய் மறுத்து வலியில் துடித்தல் தவமன்று. ஆனால் அதே மகன், தன் உடலில் குறையொன்றும் இன்றியே, ‘என் தகுதிக்கு அதுவே ஏற்றது’ என்று தனக்கும் வாங்குவானாயின், அவன் வாங்கியது படுக்கையன்று, தகுதி என்னும் மயக்கம்.

உடலின் தேவைக்குக் கொடுப்போம், பெருமைக்குக் கொடாதிருப்போம். இரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று. அவ்வருமை கருதியே அளவு விரதம் ஆயிற்று. அவ்வாறு பிரித்தறிந்து எஞ்சிய கட்டணத்தை ஓர் ஏழை மாணவன் கல்விக்கோ நோயாளி ஒருவர் மருந்திற்கோ அளிப்போமாயின், பின்பகுதியின் ஒடுங்கிய இருக்கையும் நமக்குப் போதுமான இடமாகும்.