நாட்டுக்காகப் பேசுவதும் நமக்காகப் பேசுவதும்

ராத்திரி பதினோரு மணிக்குத் தில்லியிலிருந்து எங்கள் சேரிப் பெண் ஒருத்தி போன் செய்தாள். திருத்தணிக்குப் பக்கத்தில் கழனி வேலைக்குப் போகிற தாய் பெற்ற பிள்ளை. சர்வதேச உறவுகள் படித்துவிட்டு, அயலுறவு சம்பந்தப்பட்ட ஒரு அரசு அலுவலகத்தில் பயிற்சியில் இருந்தாள். "நான் எழுதனது பொய் இல்லக்கா. ஆனா நெஜமும் இல்ல. இது தப்பாக்கா?" என்று கேட்டாள். சங்கத் தோழர்களாயிருந்தால் 'ஆமாம், தப்பு, வேலையை விட்டுட்டு வா' என்று முடித்திருப்பார்கள். எனக்கு அப்படி முடிக்க வரவில்லை.

அவள் பார்த்தது ரகசிய வேலை ஒன்றுமில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் இந்தியாவைப் பற்றி வந்ததைத் தொகுக்க வேண்டும். கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். விருந்து என்றால் யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்று பட்டியலைச் சரிபார்த்துப் பெயர் அட்டைகளை வைக்க வேண்டும். கொடுத்த பணம் ரூம் வாடகைக்கே சரியாகப் போனது. கூட இருந்தவர்களில் பலர் அதிகாரி வீட்டுப் பிள்ளைகள். மேசையில் எதை எப்படித் தொடுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒருநாள் டீ குடிக்கும்போது மூத்த அதிகாரி ஒருவர் ஊர் கேட்டார். திருத்தணி என்றாள். ராதாகிருஷ்ணன் பிறந்த ஊரா என்று அவர் முகம் மலர்ந்தது. அது நிஜம்தான். இங்கே பிறந்த ராதாகிருஷ்ணன்தான் 1949இல் மாஸ்கோவுக்கு இந்தியத் தூதராகப் போனார். வீட்டில் சைவம்தானே என்பது அதிகாரியின் அடுத்த கேள்வி. இவள் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பிலிருந்தே அவளுக்கு ஒரு சாதியை அவர்கள் முடிவு செய்துகொண்டார்கள்.

பிறகுதான் அந்தக் குறிப்பு வந்தது. ஐ.நா. சபையில் சாதியைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது; 1955லும் 1989லும் சட்டங்கள் வந்தன; இடஒதுக்கீடு இருக்கிறது; சாதி என்பது இனம் அல்ல; ஆகவே இது உள்நாட்டு விஷயம். பழைய தாள்களைப் பார்த்து அவள் எழுதியது இவ்வளவுதான். சட்டங்கள் எல்லாம் நிஜம். போராடி வாங்கியவர்கள் நாம். நாம் வாங்கிய சட்டத்தையே நமக்கு எதிர்சாட்சியாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

'உள்நாட்டு விஷயம்' என்ற பேச்சை எதிர்த்ததே இந்தியாதான். 1946இல் தென்னாப்பிரிக்கா இந்தியர்களை நடத்துகிற விதத்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனோம். விஜயலட்சுமி பண்டிட் தூதுக்குழுவின் தலைவர். அது எங்கள் சொந்த விஷயம், நீ தலையிடாதே என்றது தென்னாப்பிரிக்கா. இந்தியா கேட்கவில்லை. 1965இல் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கை உருவானபோது அதில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதும் இந்தியாதான்.

2001இல் அதே தென்னாப்பிரிக்காவில், டர்பனில், இனவெறிக்கு எதிரான உலக மாநாடு கூடியது. தலித்துகள் அங்கே போய் நின்று சாதியையும் சேர் என்றார்கள். கூடாது என்றது இந்திய அரசு. கடைசிப் பிரகடனத்தில் சாதி இல்லை. மறு வருஷமே, 2002இல், அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு, வம்சாவளி என்றால் சாதியும் அதில் அடங்கும் என்று எழுதியது. 2007இல் குழுவின் முன் போனபோதும் இந்தியா ஒத்துக்கொள்ளவில்லை.

டர்பன் நடந்தபோது நம் குடியரசுத் தலைவர் யார்? கே.ஆர். நாராயணன். கேரளத்து உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, ரங்கூனில் வேலை பார்த்து, பின்னாளில் பீஜிங்கிலும் வாஷிங்டனிலும் தூதராக இருந்தவர். வாயில்லாதவர் அல்ல. 2000இல் கிளிண்டனுக்குக் கொடுத்த விருந்தில், உலகமே ஒரு கிராமம் ஆனாலும் அதை ஒரே நாட்டாண்மை ஆளலாம் என்று அர்த்தமில்லை என்று ஓர் ஆப்பிரிக்கத் தலைவரின் பேச்சை எடுத்துக்காட்டிச் சொன்னார். நாட்டாண்மை என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம். ஆனாலும் அது அமைச்சரவை சொல்படி நடக்க வேண்டிய பதவி. நம்மவர் அங்கே இருந்தும் டர்பனில் அரசின் பேச்சு மாறவில்லை. நாற்காலி கிடைத்தால் எல்லாம் மாறும் என்பவர்களும், நாற்காலிக்குப் போனாலே துரோகி என்பவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அரசுக்காகப் பேசுகிறவர் தன் சொந்தக் கருத்தை அடக்கிக்கொள்வது வேலையின் ஒழுங்கு. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் அது உண்டு. ஆனால் குறிப்பு எழுதுகிறவர் தெரிந்த விஷயத்தில் பாதியை மறைத்தால் அது ஏமாற்று. படிக்கிறவர் அந்தத் தாளை நம்பித்தானே பேசப் போகிறார்? பிறப்பு விஷயமும் அப்படித்தான். நம் பிறப்பு அரசாங்க ரகசியம் இல்லை. அதை ஒளித்துக்கொள் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை, சாதிதான் கேட்கிறது. அதற்காக, சொல்லித்தான் ஆகவேண்டும் என்று அவளை நெருக்க எனக்கு உரிமை உண்டா? அந்த மேசையில் தனியாக உட்கார்ந்திருப்பவள் அவள். நான் இங்கே ஜனங்களோடு இருக்கிறேன்.

"வேலையை விடாதம்மா. 1965ஐயும் 2002ஐயும் சேத்து எழுது. மத்தது அவங்க பாடு" என்றேன்.

இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. இரண்டு வரியையும் சேர்த்துக் கொடுத்தாளாம். மேலதிகாரி படித்துவிட்டு அடித்துவிட்டாராம். "அடிச்சிட்டுப் போகட்டும்க்கா. இனிமே அவரு தெரியாதுன்னு சொல்ல முடியாதில்ல?" என்றாள்.

அதே வாரம் ஒரு விருந்தில் யாரோ ஊர் கேட்டிருக்கிறார்கள். திருத்தணி, மலைக்குக் கீழே சேரி என்று சொல்லியிருக்கிறாள். ராதாகிருஷ்ணன் ஊரா என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை.

"சோறு எறங்குச்சாம்மா?" என்று கேட்டேன்.

"மொதல்ல எறங்கலக்கா. அப்புறம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்ட்டேன்."