இரண்டு அம்மாக்களுக்கு நடுவே

அதிபர் கென்னடி 1961-ல் தொடங்கிய ‘பீஸ் கோர்’ அமைப்பின் அமெரிக்கத் தொண்டர்கள் இரண்டு வருஷத்துக்கும் மேலாக அயல்நாட்டில் தங்குகிறார்கள். செனகல் கிராமத்துக்குப் போன பெண்ணுக்கு அங்கே ஒரு குடும்பம் அமைந்துவிடும்; பெரும்பாலும் ஒரு புதுப் பெயரும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பெற்றவர்கள் வந்து இறங்கும்போதுதான் வேடிக்கை. இத்தனை நாள் விருந்தாளியாக இருந்தவள், இன்னொருவர் வீட்டில் நின்றுகொண்டு விருந்து உபசரிக்க வேண்டும்.

மதியம் ஒரே பெரிய பாத்திரத்தைச் சுற்றி எல்லோரும் உட்காருகிறார்கள். சோற்றின் நடுவில் மீனும் காய்கறியும். வலது கையால், அவரவர் முன்னால் இருப்பதை மட்டும் எடுத்துச் சாப்பிட வேண்டும். (கையால் சாப்பிடுவது நமக்குச் சுலபம், அமெரிக்க அப்பாவுக்குத்தான் திண்டாட்டம்.) வீட்டுக்கார அம்மா நல்ல துண்டாகப் பிய்த்து விருந்தாளி பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். ‘போதும்’ என்று சொல்லக்கூடப் பெற்றவளுக்கு மகள்தான் சொல்லித்தர வேண்டும். பிறகு அட்டாயா தேநீர், மூன்று சுற்று. நடுவில் எழுந்து போனால் நன்றாக இருக்காது.

அந்த மீனுக்கு யார் வீட்டுக் காசு போயிற்று என்று வந்தவர்கள் யோசிப்பதில்லை. பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களே, தேயிலையும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு போங்கள். கடற்கரை ஓட்டலில் ஒரு நாளைக் குறைத்து, அந்த வீட்டில் ஒரு நாள் கூடத் தங்குங்கள்.