பள்ளி இடம் யாருக்கு உரியது?

பொதுப் பணத்தில் நடக்கும் நல்ல பள்ளியொன்றில் இடம் குறைவு, கேட்போர் அதிகம் என்றால் யாருக்குத் தருவது நீதி? தகுதிக்கு, தேவைக்கு, குலுக்கலுக்கு என்று மூன்று விடைகள் சொல்லப்படுகின்றன. நியூயார்க் நகரின் புரூக்ளினிலுள்ள 15ஆம் பள்ளி மாவட்டத்தில் இம்மூன்றும் நேருக்கு நேர் மோதின.

வசதி படைத்த பார்க் ஸ்லோப்பும் குடியேறிகள் மிகுந்த சன்செட் பார்க்கும் இந்த மாவட்டத்தில் அடங்கும். இங்குள்ள நடுநிலைப் பள்ளிகள் பலவும் மதிப்பெண், வருகைப்பதிவு முதலியவற்றைப் பார்த்தே ஆறாம் வகுப்புக்கு மாணவரைச் சேர்த்தன. அதனால் வசதியுள்ள வெள்ளையர் பிள்ளைகள் சில பள்ளிகளிலும், ஏழைகளான லத்தீன் அமெரிக்க, கறுப்பினப் பிள்ளைகள் வேறு பள்ளிகளிலும் திரண்டனர்.

2018இல் ஏற்கப்பட்ட புதிய திட்டம் 11 பள்ளிகளில் இந்த வடிகட்டலை நீக்கிக் குலுக்கலைக் கொண்டுவந்தது. குறைந்த வருமானக் குடும்பத்தினர், ஆங்கிலம் கற்று வருவோர், நிலையான வீடற்றோர் ஆகியோருக்கு 52 விழுக்காடு இடங்களில் முன்னுரிமை கிடைத்தது. மாணவர் ஒவ்வொருவரின் இனத்தையும் பார்த்துப் பள்ளி ஒதுக்கும் முறைகளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் செல்லாதென்றதால், இனம் அளவுகோலாக வைக்கப்படவில்லை.

பங்கீடு தகுதிக்கேற்ப அமைய வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் வருகைப்பதிவு, பெற்றோரின் வேலைநேரத்தையும் வீட்டுநிலையையும் சேர்த்தே காட்டுகிறது. முயன்று உழைக்கும் மனப்பாங்குகூடக் குடும்பச் சூழலைச் சார்ந்தது என்று 1971இல் மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் வாதிட்டார்.

உழைத்த பிள்ளைக்குக் குலுக்கல் அநீதி என்பது எதிர்வாதம். உயர்கல்வியில் அதற்கு வலு உண்டு. வயது குறையக் குறைய அது வலுவிழக்கிறது. பெற்றோரின் விருப்பத்துக்கும் இங்கே இடமுண்டு: விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்துவது குடும்பமே, போட்டி வரும்போதுதான் முன்னுரிமையும் குலுக்கலும் தீர்மானிக்கின்றன. இன்னோர் அச்சமும் உண்டு: அதிருப்தியுற்றோர் தனியார் பள்ளிக்குப் போனால் சேர்க்கை குறையும். நிதி பெரும்பாலும் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால் அதுவும் சரியும். இந்த அச்சம் நடைமுறை சார்ந்தது. முறை நீதியற்றது என்பதற்கு அது சான்றாகாது.

இருக்கும் இடங்களைக் குலுக்கல் நியாயமாகப் பங்கிடும். நல்ல பள்ளிகளின் எண்ணிக்கையை அது கூட்டாது. எந்தப் பள்ளி கிடைத்தாலும் பிள்ளைக்கு இழப்பில்லை என்ற நிலையை உண்டாக்குவதே அரசின் முதற்கடமை.