ஏடும் நாவும்

ஒரு பொருள் அழியாவண்ணம் பதிந்து வைக்கப்பட்டபின், அதனை ஒருவன் நெஞ்சிற் பதித்தலும் வேண்டுமோ? இவ்வினாவை யான் நூல்களிற் கண்டேனல்லேன். அட்டன் மலைச்சரிவிலுள்ள எமது பாடசாலையிலே, தேவாரப் பதிகமொன்றைப் பாடமாக்கி வருமாறு பணித்தபோது, மாணவனொருவன் எழுந்து, "சேர், பதிகம் கைத்தொலைபேசியிலே இருக்கின்றதே, பாடமாக்குவது எதற்கு?" என்றான். அவன் குறும்பாக வினவினானல்லன். அன்று தக்க விடை என் வாயில் வரவில்லை.

புதிய சாதனத்தைப் பழித்தல் எளிது, அது நியாயமன்று. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக இருந்தவை மீளா. 2005இலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமெடுத்து யாவர்க்கும் விலையின்றி வழங்கி வருகின்றது. 1998இலே தோன்றிய மதுரைத்திட்டம் பழந்தமிழ் நூல்களை அவ்வாறே அளிக்கின்றது. நூல்நிலையமில்லாத தோட்டத்து லயத்திலிருக்கும் பிள்ளையும் இன்று அவற்றைப் படித்தல் கூடும். மிஷனாரிமார் கையாண்ட அச்சியந்திரத்தையே ஆறுமுக நாவலர் சைவத்துக்குப் பயன்படுத்தினாரன்றோ? கருவியில் மாசில்லை.

ஆயினும் பதிவென்பது தானே நிலைத்து நிற்பதொன்றன்று. பாமினி எழுத்துருவிலே தட்டெழுதிய பழைய வினாத்தாள்களைக் கணினியிலே திறந்து பாருங்கள். அவ்வெழுத்துரு இல்லாதவிடத்துப் பொருளற்ற குறிகளே தோன்றும். ஒருங்குறிக்கு மாற்றினாலன்றி வாசித்தல் இயலாது. ஓலையைக் காலந்தோறும் பெயர்த்தெழுதினாற்போல, இதனையும் பெயர்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். பெயர்ப்பவனோ, அதன் அருமை அறிந்தவனாதல் வேண்டும்.

திருமுறைகண்ட புராணங் கூறும் வரலாற்றை நினைமின். தில்லையிலே பூட்டிய அறையிற் செல்லரித்த ஏடுகளுள் எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். சொல் கிடைத்தது, பண் கிடைத்திலது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணியொருவரைக் கொண்டே பண் வகுக்கப்பட்டது. ஏடு காவாததை நா காத்தது. நா மறந்ததை ஏடு காத்தது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இன்றைய கருவி பண்ணையும் பதியுமே எனின், உண்மை, பதியும். வினாவிய மாணவனின் பாட்டனார் மாசி மாதந்தோறும் காமன் கூத்திலே பாட்டெடுத்துக் கொடுப்பவர். அவர் காலஞ்சென்றார். அவர் குரல் பேரன் கைத்தொலைபேசியில் இருக்கின்றது. கூத்துக்களத்திலோ அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பார் இல்லை. தப்பின் அடிக்கேற்ப நீட்டவும் குறுக்கவும், எதிரே நிற்பவர் பெயரை இணைத்துப் புதிதாய்ப் பாடவும் அவர் வல்லவர். அவ்வாற்றல் பதிவில் இல்லை. பாடிப் பாடிப் பழகிய நெஞ்சில் இருந்தது. புதியது புனைதலென்பது உள்ளே நிறைந்தது பொங்குதலேயாம். வினாவைக் கொடுத்தால் கட்டுரை எழுதித் தரும் இயந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளில், உள்ளே ஒன்றுமில்லாத பிள்ளை அக்கட்டுரை நன்றோ தீதோ என்றும் அறியான்.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நம்முன்னோர் நான்கு படி வகுத்தனர். கருவி முதற்படிக்குத் துணையாம். ஏனைய மூன்றையும் மாணவனே ஏறுதல் வேண்டும். மிஷன் பாடசாலையிலே சிறுவயதிற் பாடமாக்கிய விவிலிய வசனங்கள் இன்றும் எனக்கு நாத்தவறா. அப்பொழுது பொருள் விளங்கவில்லை. துன்பம் வந்த நாளில் விளங்கிற்று. கையில் ஏடில்லாத இரவுகளிலே நெஞ்சிலிருப்பதே துணை.

ஆகலின் அம்மாணவனுக்கு யான் பின்னர்ச் சொன்ன விடை இது: "பாட்டனார் குரலை அழியாமல் வை, மூன்று இடத்திற் பிரதி செய்து வை. ஆனால் அதனை உனக்கு ஆசிரியனாகக் கொள். உனக்குப் பதிலாளாகக் கொள்ளாதே." அவன் இப்பொழுது நாளொன்றுக்கு நான்கடி கேட்டுப் பாடுகின்றான். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டி நூலாக்கித் தந்தார். நாமோ, பிள்ளைகளைக் கொண்டு முதியோர் பாட்டுக்களைப் பதிவித்து, பதிந்த பாட்டைப் பதிந்தவனே வகுப்பிற் பாடுதல் வேண்டுமென்று விதிப்போமாக. செலவில்லாத இவ்விதி ஏட்டையும் காக்கும், நாவையும் காக்கும்.