சில போன்களும் எல்லாப் போன்களும்

நான்கு போன்களில் ஓட்டிப் பார்த்த ஒரு மொபைல் கேம், கண்ணிலேயே படாத ஆயிரக்கணக்கான போன்களிலும் ஓடும் என்று எந்த ஆதாரத்தில் சொல்லலாம்? சிறு கேம் நிறுவனங்கள் இதைப் பணக் கணக்காகவே பார்க்கின்றன. கையிலுள்ள தொகைக்கு எந்தெந்தப் போன்களை வாங்குவது என்பதே அங்கே பேச்சு. அந்தக் கணக்குக்கு அடியில் தத்துவத்தின் பழைய வழக்கு ஒன்று கிடக்கிறது. கண்ட சிலவற்றை வைத்துக்கொண்டு காணாத அனைத்தையும் பற்றிப் பேசும் உரிமை அறிவுக்கு எங்கிருந்து வருகிறது? இந்திய அளவை நூல்கள் இதை வியாப்தி என்ற பெயரில் பல நூற்றாண்டுகள் விவாதித்தன. ஐரோப்பாவில் டேவிட் ஹியூம் 1748இல் வெளியிட்ட நூலிலும் இதே கேள்வி உண்டு. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து, வாங்க வேண்டிய போனும் மாறும்.

ஆண்ட்ராய்டு உலகின் பன்மைக்கு ஓர் அளவு: ஓப்பன்சிக்னல் நிறுவனம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, வெவ்வேறு ஆண்ட்ராய்டு மாடல்கள் 24,000க்கு மேல் என்று எண்ணிக் காட்டியது. மாடலுக்கு மாடல் சிப் மாறுகிறது. படம் வரையும் ஜிபியு ஒன்றில் அட்ரினோ, இன்னொன்றில் மாலி, வேறொன்றில் பவர்விஆர். ஒவ்வொன்றின் டிரைவருக்கும் தனித்தனிக் கோளாறுகள் உண்டு. ஆப்பிள் பக்கம் மாடல்கள் குறைவு. ஆனால் 2014இல் மெட்டல் என்ற தன் வரைகலை இடைமுகத்தைக் கொண்டுவந்த ஆப்பிள், 2018இல் பழைய இடைமுகமான ஓப்பன்ஜிஎல் இஎஸ்ஸைக் கைவிடப்போகும் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆண்ட்ராய்டில் ஓப்பன்ஜிஎல் இஎஸ்ஸும் வல்கனும் புழங்குகின்றன. யூனிட்டி போன்ற கேம் என்ஜின்கள் இந்த வேறுபாட்டை மறைத்துத் தருகின்றன, அழித்துவிடுவதில்லை. ஐபோனில் ஒழுங்காக விழுந்த நிழல், சில ஆண்ட்ராய்டு போன்களில் கறுப்புத் திட்டாக வருவதுண்டு.

இந்தப் பன்மையைப் பற்றி எதையேனும் அறிய உள்ள வழிகளை அளவைகளாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில், பிறர் கூறும் அளவைகள் எத்தனை ஆனாலும் அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்கிறார். நியாய மரபு உவமையையும் தனியே வைத்து நான்கு என்கிறது. போனைக் கையில் வைத்து ஆடிப் பார்ப்பது காண்டல். இதில் ஓடியதால் இதைப் போன்ற மற்றவற்றிலும் ஓடும் என்று முடிவு கட்டுவது கருதல். ஆடியவர் எழுதும் புகார், கூகுள் பிளே கன்சோலில் வந்து விழும் கிராஷ் அறிக்கை, வாடகைக்கு எடுத்த தொலைதூரப் போன் அனுப்பும் பதிவு எல்லாம் உரை. கணினித் திரையில் போனாகவே நடிக்கும் எமுலேட்டர் உவமை.

உவமைக்குச் செலவு இல்லை, அதனால் எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நியாய நூல்களின் எடுத்துக்காட்டில், காட்டுப்பசு நாட்டுப்பசுவைப் போல இருக்கும் என்று கேட்டறிந்தவன், காட்டில் அதைக் கண்டதும் இன்னதென்று அறிந்துகொள்கிறான். ஒப்புமை எந்த அம்சத்தில் என்று தெரிந்திருக்கும் வரை அந்த அறிவு செல்லும். திரையின் நீள அகலம் பொருந்துகிறதா, தமிழ் எழுத்து பொத்தானுக்குள் அடங்குகிறதா, போனைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறதா என்பதிலெல்லாம் எமுலேட்டர் நம்பத்தக்கது. வேகத்தில் அதை நம்பக் கூடாது. ஆப்பிளின் எக்ஸ்கோடு மென்பொருளுடன் வரும் ஐபோன் சிமுலேட்டர் ஓடுவது மேக் கணினியின் சிப்பிலும் நினைவகத்திலும்தான்; ஐபோனின் சூடும் பேட்டரியும் அதில் வெளிப்பட வழியில்லை. எமுலேட்டரோடு தொடங்குவது சரி, அதோடு நிறுத்திக்கொள்வது தவறு.

சிக்கலின் மையம் கருதல்தான். மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் வரும் பூதவாதி, காட்சி ஒன்றையே ஏற்று அனுமானத்தைத் தள்ளுகிறான். அவன் பக்கம் நின்றால், நான்கு போன்களில் ஓடிய கேம் அந்த நான்கில் ஓடியது, அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. ஹியூமின் வாதம் இன்னும் கூர்மையானது. இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்று நிறுவ முயல்பவர், அதையே முன்கூட்டி ஏற்றுக்கொண்டுதான் வாதத்தைத் தொடங்குகிறார். மென்பொருள் துறைக்குள் இந்தக் கசப்பைக் கொண்டுவந்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாம், பிழையே இல்லை என்று காட்ட முடியாது என்ற கருத்தை 1969இல் ரோமில் நடந்த மாநாட்டில் அவர் முன்வைத்தார். கார்ல் பாப்பர் 1934இல் அறிவியல் கோட்பாடுகளைப் பற்றிச் சொன்னதும் இதற்கு இணையானதே: ஆயிரம் சான்றுகள் சேர்ந்தும் ஒரு பொது விதியை மெய்ப்பிக்க முடியாது, ஒரே ஓர் எதிர்ச்சான்று அதை வீழ்த்திவிடும்.

போன் தேர்வுக்கு இதிலிருந்து நேரடியாக ஒரு முடிவு கிடைக்கிறது. பலரும் செய்வதுபோல் அதிகம் விற்கும் போன்களை வாங்கி அடுக்கினால், ஏற்கெனவே நம்பியதற்குச் சான்றுகள்தான் சேரும். கேம் எங்கே விழும் என்ற சந்தேகம் இருக்கிறதோ, அந்தப் போனில் ஓட்டிப் பார்ப்பதே சோதனை. வலுவான போனில் ஓடிய கேமைப் பற்றி நாம் அறிந்துகொண்டது சொற்பம்.

எங்கே விழும் என்று தேட நியாய மரபில் ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் உபாதி. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது சரியான தொடர்பு. நெருப்பு உள்ள இடத்தில் புகை உண்டு என்பது தவறு; பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அடுப்பில் புகை எழுந்ததற்குக் காரணம் ஈர விறகு. பார்த்த இடங்களிலெல்லாம் ஈர விறகு கூடவே இருந்ததால், நெருப்பும் புகையும் பிரியாதவை போலத் தோன்றின. இப்படி மறைந்து நின்று, இல்லாத உறவை இருப்பதாகக் காட்டும் நிபந்தனைதான் உபாதி. மிதிலையைச் சேர்ந்த கங்கேசர் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய தத்துவ சிந்தாமணி இதை மிக நுணுக்கமாக அலசுகிறது.

கேம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, அதனால் ஓடுகிறது என்ற எண்ணத்துக்குள்ளும் உபாதிகள் உண்டு. அலுவலகத்துப் போனில் 8 ஜிபி ரேம் இருக்கும். வேறு ஆப் எதுவும் திறந்திருக்காது. சேமிப்பிடம் பாதிக்குமேல் காலி, வைஃபை வேகமாக வரும், அறையில் ஏசி ஓடும். கேமை ஓட வைத்தது இவற்றுள் எது என்று அந்த ஒரு போனைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதே கேம் 2 ஜிபி ரேம் உள்ள போனுக்குப் போகிறது. ஆட்டத்தின் நடுவில் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. ஆடுபவர் அதைத் திறந்து, ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டுத் திரும்புகிறார். அதற்குள் நினைவகம் போதாமல் ஆண்ட்ராய்டு கேமை மூடிவிட்டது. லோகோவிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்குகிறது, பாதி கடந்த கட்டம் போனது போனதுதான். 8 ஜிபி போனில் இந்தக் குறை ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

சூடும் அப்படிப்பட்டதே. நொடிக்கு 60 பிரேம் காட்ட வேண்டுமானால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. குளிர்ந்த போன் முதல் சில நிமிடங்கள் அதைச் சமாளிக்கும். சூடு ஏற ஏற, சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அரைமணி கழித்து அதே காட்சிக்கு 30 மில்லிநொடிகூட ஆகலாம். ஏசி அறையில் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தவருக்கு இது தெரிய வழியில்லை. மே மாத மதியத்தில் சார்ஜரைச் செருகிக்கொண்டே ஆடும் பையனுக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

ஆகவே போன்களைத் தேர்வது உபாதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் வேலை. ஒரே சிப்பும் ஒரே அளவு ரேமும் கொண்ட நான்கு போன்கள் ஒரு போனுக்குச் சமம். 2 அல்லது 3 ஜிபி ரேமும் மாலி அல்லது பவர்விஆர் ஜிபியுவும் உள்ள மலிவு ஆண்ட்ராய்டு ஒன்று வேண்டும். அட்ரினோ உள்ள நடுத்தர விலைப் போனை வேறொரு நிறுவனத்தினுடையதாக எடுப்பது நல்லது, ஏனெனில் பின்னணியில் கிடக்கும் ஆப்களை மூடுவதில் நிறுவனத்துக்கு நிறுவனம் போக்கு மாறும். ஆப்பிளுக்குப் பழைய ஐபோனே போதும். 2020இல் வந்த ஐபோன் எஸ்இக்கு 3 ஜிபி ரேம், 4.7 அங்குலத் திரை. பழைய போன் சந்தையில் புதிய ஐபோனின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். ஓர் எச்சரிக்கை இங்கே தேவை. பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தை மென்பொருளே குறைக்கிறது என்று ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பழைய போனின் பேட்டரியைப் பார்க்காமல் வாங்கினால் அதுவே புதிய உபாதி ஆகிவிடும்.

மெலிந்த போன் எல்லாப் பிழையையும் காட்டிவிடும் என்று எண்ணுவதும் பிழை. பிரேம் எண்ணிக்கையையே நேரமாகக் கொண்டு எழுதிய கேம், 120 ஹெர்ட்ஸ் திரையில் இரட்டை வேகத்தில் ஓடித் தொலையும். மலிவுப் போனில் அது வெளிப்படவே செய்யாது. இத்தகையவற்றுக்கு விலையுயர்ந்த போனைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. ஃபயர்பேஸ் டெஸ்ட் லேப், ஏடபிள்யூஎஸ் டிவைஸ் ஃபார்ம் போன்ற வாடகைச் சேவைகள் உண்டு.

யாருடைய போன் கணக்கில் வரும் என்ற கேள்வி அறத்தைச் சேர்ந்தது. ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டில், சமூகத்தில் தமக்கு எந்த இடம் வாய்க்கும் என்று அறியாமல் விதிகளை வகுப்பவர்கள், மிகவும் பின்தங்கியவரின் நிலையையே முதலில் பார்ப்பார்கள் என்று வாதிட்டார். அவர் பேசியது சமூகத்தின் அடிப்படை அமைப்பைப் பற்றி. ஒரு கேமுக்கு அதை அப்படியே பொருத்துவது மிகை. ஆனாலும் அவர் வழியில் ஒரு கேள்வி எழுகிறது: தன் கேமை எந்தப் போனில் ஆட நேரும் என்று தெரியாத ஒருவர் எதில் முதலில் சோதிப்பார்? 2021 தீபாவளிக்கு இந்தியச் சந்தைக்கு வந்த ஜியோபோன் நெக்ஸ்டுக்கு 2 ஜிபி ரேம், விலை 6,499 ரூபாய். அந்த விலைக்குப் போன் வாங்கும் குடும்பத்தில் பல நேரம் அது ஒன்றுதான் போன். அப்பாவின் அழைப்பும் பிள்ளையின் பாடமும் விளையாட்டும் அதில்தான். கேம் அதில் விழுந்தால் மாற்றிப் பார்க்க இன்னொரு போன் வீட்டில் கிடையாது. அறிவின் கணக்கும் அறத்தின் கணக்கும் இங்கே ஒரே போனைச் சுட்டுகின்றன. வளம் குறைந்த இடத்தில்தான் மறைந்த நிபந்தனைகள் முதலில் அற்றுப்போகின்றன, எனவே இரு கணக்கும் சேர்வதில் வியப்பில்லை.

இரண்டும் முரண்படும் இடமும் உண்டு. பிளே கன்சோலில் ரேம் அளவையோ சிப்பையோ குறிப்பிட்டு, அத்தகைய போன்களுக்கு கேம் கிடைக்காதபடி விலக்கிவிடலாம். அளவை நோக்கில் இதில் குற்றமே இல்லை. சொல்லும் எல்லை சுருங்கியது, அந்த எல்லைக்குள் சொன்னது மெய். ஆனால் சொன்னது பொய்யாகாமல் இருப்பதற்கான விலையை ஏழைப் போன்காரர் செலுத்துகிறார். சோதித்து, முயன்று, முடியாது என்று கண்டபின் விலக்குவது நேர்மை. சோதிக்கவே சோம்பி விலக்குவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. மூன்றாவது வழியும் உண்டு: ரேம் குறைந்த போன்களுக்கென்றே 2019இல் இந்தியாவுக்கு வந்தது பப்ஜி மொபைல் லைட்.

வெளியிட்டுவிட்டுப் புகார் வந்தபின் திருத்திக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. உரை அளவைக்குரிய மதிப்பை மறுப்பதற்கில்லை, காண்டல் எட்டாத இடத்துக்கு அதுதான் போய்ச் சேரும். ஆனால் சோதிப்பவராக இருக்கச் சம்மதித்தவரின் சொல்லும், ஆடலாம் என்று நம்பி இறக்கியவரின் ஏமாற்றமும் அறநோக்கில் ஒன்றல்ல. முதல் வகைக்குத்தான் ஆப்பிளின் டெஸ்ட்ஃபிளைட்டும் பிளேயின் மூடிய சோதனையும் இருக்கின்றன. 2023 நவம்பருக்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு 14 நாள் மூடிய சோதனையைக் கூகுள் கட்டாயமாக்கியது. சோதிப்போர் முதலில் 20 பேர், பிறகு 12 பேர். கிராஷ் வரம்பாக அந்நிறுவனம் அறிவித்த இரு எண்களும் கவனிக்கத்தக்கவை: மொத்தத்தில் 1.09 சதவீதம், தனி மாடல் ஒன்றில் 8 சதவீதம். மொத்தச் சராசரி மட்டும் இருந்தால், ஒரு மாடல்காரர்களின் துன்பம் அதற்குள் தடமின்றிக் கரைந்துவிடும்.

சோதனையை எங்கே நிறுத்துவது என்பதே எஞ்சும் கேள்வி. 10ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த உதயனர், நியாயகுசுமாஞ்சலியில் ஐயத்துக்கு ஓர் எல்லை வகுத்தார். புகைக்காக நெருப்பை மூட்டுகிறவன், நெருப்பால் புகை வருமா என்று அதே நேரம் ஐயுற முடியாது. செயலே அந்த ஐயத்தை மறுத்துவிடுகிறது. காரணம் சொல்லக்கூடிய ஐயத்தைச் சோதித்தே தீர்க்க வேண்டும். காரணமில்லாமல் ‘ஒருவேளை’ என்று மட்டும் நிற்பதை விட்டுவிடலாம். ரேம், ஜிபியு, சூடு, இடைமறிக்கும் ஆப், இயங்குதளம் ஆகியவை காரணம் உள்ள ஐயங்கள். அவற்றுக்கு மூன்று நான்கு போன்கள் போதும். ஒரே ஒரு போனுக்குத்தான் பணம் என்றால், 2 ஜிபி ரேம் உள்ள ஆண்ட்ராய்டையே வாங்க வேண்டும். ஐபோன் அதற்குப் பிறகு.