பெட்ரோல் எங்கே நிற்கிறது, நீயே பார்!

கிக்கரை உதைத்தது போதும், நிறுத்து. செல்ஃப் பட்டனிலிருந்தும் விரலை எடு. இருக்கிற பேட்டரியும் இறங்கிப் போவதற்குள் வண்டியை ஓரமாகத் தள்ளி சென்டர் ஸ்டாண்டு போடு. விழுப்புரம் மாவட்டத்தில் அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் வேர்க்கடலையும் கரும்பும். கூப்பிடு தூரத்தில் கடை இல்லை. போகிறவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். "பொம்பளைக்கு எதுக்குமா வண்டி" என்று ஒருவர் உன் காதுபடச் சொல்லிவிட்டும் போகலாம். அவரோடு வாய் கொடுக்காதே. சீட்டைத் தூக்கு. வண்டி வாங்கிய அன்று கொடுத்த டூல் கிட் உறை பிரிக்காமல் அங்கேதான் கிடக்கிறது. எடு அதை.

தங்கச்சி, உன்னைத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகிறவளே, மகளிர் குழுப் பணத்தை வங்கிக்குக் கொண்டுபோகிறவளே, விடிவதற்குள் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்கு ஓட்டுகிறவளே, கேள். 2018 பிப்ரவரி 24 அன்று வேலைக்குப் போகும் பெண்களுக்காக அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கியது. விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அது மானியமாகக் கிடைத்தது. அதில் வாங்கியவர்கள் உண்டு. சீட்டுப் பணத்தில் வாங்கியவர்கள் உண்டு, வளையலை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. எப்படி வந்திருந்தாலும் ஆர்.சி. புத்தகத்தில் உன் பெயர் இருக்கிறது. ஆனால் சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று உனக்கு ஒருவரும் திறந்து காட்டவில்லை. ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் காட்டவில்லை; விற்றவரும் காட்டவில்லை. "நின்னா கூப்பிடுங்க" என்று ஒரு போன் நம்பர் கொடுத்ததோடு சரி. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். பிரேக்கைப் பிடிக்கவும் ஆக்ஸிலேட்டரைத் திருகவும் தெரிந்த உனக்கு, ஒரு ஸ்க்ரூவைக் கழற்றத் தெரியாது என்று முடிவுகட்ட இவர்கள் யார்?

கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று கத்தினால் நின்ற இன்ஜின் ஓடாது. அப்படிக் கத்தச் சொல்லும் கட்டுரைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. பயம் எப்போதும் மொத்தமாகத்தான் வந்து மேலே விழும். "வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்பது அந்த மொத்தம். அதைப் பிரித்துப் போடு. டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? அதைக் காற்றோடு கலக்கிற கார்ப்பரேட்டர் வரை வருகிறதா? அங்கிருந்து இன்ஜினுக்குள் போகிறதா? ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்ற பதில் உண்டு. அந்தப் பதிலை உன் கையும் கண்ணும் உனக்குச் சொல்லும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

உன் ஊர்ப் பக்கத்திலேயே இந்தப் பாடம் கல்லில் நிற்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான். அங்கே கல்யாண மகாலுக்குத் தண்ணீர் அரை கிலோமீட்டர் தொலைவிலிருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய்களில் வந்தது. மோட்டாரும் கிடையாது, கரண்டும் கிடையாது. மேட்டிலிருந்து இறங்குகிற நீர், வழி திறந்திருந்தால் வந்தே தீரும். வரவில்லை என்றால் குளம் வற்றியிருக்க வேண்டும், அல்லது குழாய் எங்கேயோ அடைத்தோ உடைந்தோ இருக்க வேண்டும். மூன்றாவது காரணம் தேட வேண்டியதில்லை. உன் பழைய கார்ப்பரேட்டர் வண்டியும் இதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான். டேங்க் மேலே, கார்ப்பரேட்டர் கீழே, நடுவில் ஒரு டேப், ஒரு ஃபில்டர், ஒரு ரப்பர் ஹோஸ். அந்த வழியில் நீ நடந்து பார்.

இன்ஜின் ஆறட்டும். சூடான சைலன்சர் மேல் பெட்ரோல் சொட்டக் கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. உதவிக்கு வருகிறவர் ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சப் போனால் தடுத்து நிறுத்து. ஒரு வாய் பெட்ரோல் புரையேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இதில் தைரியம் காட்டுவது மடத்தனம்.

முதலில் டேங்க் மூடியைத் திற. மீட்டர் முள்ளை நம்பாதே, அது சில நேரம் பொய் சொல்லும். வண்டியை ஆட்டி, உள்ளே அலையடிக்கிறதா என்று கண்ணால் பார். மூடியைத் திறக்கும்போது 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டதா? கேட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கு மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். மண்ணும் அழுக்கும் அதை அடைத்துவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. கொஞ்ச தூரம் ஓடி நின்று, பத்து நிமிஷம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகி, மறுபடி நிற்கிற வண்டிக்குப் பெரும்பாலும் இதுதான் நோய். மூடியைத் தளர்த்தி வைத்து ஸ்டார்ட் செய்து பார். ஓடினால் குற்றவாளி கையில் அகப்பட்டாயிற்று. துளையைச் சுத்தம் செய்ய ஒரு பைசா செலவில்லை.

இல்லையா? அடுத்தது பிளக். நன்றாக உதைத்த பிறகு பிளக் ஸ்பேனரால் கழற்றி அதன் முனையைப் பார். ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் பெட்ரோல் வந்துகொண்டுதான் இருக்கிறது. கோளாறு கரண்டில், அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வருகிறது. எலும்பாகக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவே இல்லை. இந்த ஒரு பார்வையில் உலகம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. இதைப் பார்க்காமலே கார்ப்பரேட்டரைக் கழற்றிப் போடுகிற கடைகள் உண்டு. நீ பார்த்துவிட்டாய் என்றால் அந்த வேலைக்கு நீ காசு கொடுக்கப் போவதில்லை.

பிளக் காய்ந்திருக்கிறதா? அதைத் திரும்ப மாட்டி, கேப்பையும் இறுக்கமாகப் போடு. வெளியே தொங்கும் பிளக்கில் பொறி பறந்தால் கீழே இருக்கிற பெட்ரோல் பற்றிக்கொள்ளும். இப்போது கார்ப்பரேட்டரின் அடிக்கப்பில் இருக்கும் ட்ரெயின் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகித் தளர்த்து. கீழே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடி. பெட்ரோல் கொஞ்சம் வந்து நின்றுவிடும், அது கப்பில் தேங்கியிருந்தது. ஆக்டிவா போன்ற வண்டிகளில் டேப்பை நீ திருப்புவதில்லை. இன்ஜின் சுற்றும்போது உண்டாகும் உறிஞ்சலில் அதுவே திறந்துகொள்ளும். மெக்கானிக்குகள் அதை வேக்கம் டேப் என்பார்கள். ஆகவே செல்ஃபைச் சில நொடி அழுத்திக்கொண்டே பார். மறுபடி ஒழுகினால் கார்ப்பரேட்டர் வரை வழி சுத்தம். ஒழுகவில்லை என்றால் தடை அதற்கு மேலே இருக்கிறது. ஃபில்டர் அடைத்திருக்கலாம், ஹோஸ் மடிந்திருக்கலாம், டேப்புக்குப் போகும் சின்ன வேக்கம் ஹோஸ் வெடித்தோ கழன்றோ இருக்கலாம், உள்ளேயிருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம். ஹோஸை விரலால் தடவிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

டேப்பைக் கையால் திருப்புகிற பழைய சேட்டக் வைத்திருக்கும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. மகளிடம் ரிசர்வ் எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொடுத்தீர்களா?

பெட்ரோல் கார்ப்பரேட்டருக்கு வந்தும் வண்டி ஓடவில்லை என்றால் உள்ளே ஜெட் என்கிற சின்னத் துளையில் அடைப்பு. நீ பிளஸ் ஒன்னில் பெர்னூலி தேற்றம் படித்திருப்பாய். குறுகிய வழியில் காற்று வேகமாகப் போகும், வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருப்பாய். அந்தத் தேற்றம் இத்தனை நாளாக உன் சீட்டுக்கு அடியில்தான் வேலை செய்துகொண்டிருந்தது! அழுத்தம் குறைந்த இடத்துக்குப் பெட்ரோல் ஜெட் வழியாகத் தானே ஏறி, தூறலாகிக் காற்றோடு கலக்கிறது. ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு தூசி போதும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஓடுகிறது, விட்டால் ஆஃப் ஆகிறது என்றால் ஸ்லோ ஜெட்டைச் சந்தேகப்படு. நின்ற இடத்தில் ஒழுங்காக உறுமுகிறது, மேட்டில் ஏற்றினால் மூச்சுத் திணறுகிறது என்றால் மெயின் ஜெட், அல்லது மேலிருந்து வரவு போதவில்லை. சோக் போட்டால் மட்டும் ஓடுகிறதா? ஜெட் அடைப்பாக இருக்கலாம், காற்று வேறு எங்கிருந்தோ உள்ளே போகவும் செய்யலாம். ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டுகிறதா? ப்ளோட் நீடிலில் தூசி உட்கார்ந்திருக்கிறது. உன் வண்டி வாய்விட்டுச் சொல்கிறது, நீ கேட்டுக்கொள்.

ஜெட்டைக் கழற்றினால் கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து, காற்றால் ஊதி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார். துளை வட்டமாகத் தெரிய வேண்டும். ஊசியோ பின்னோ விட்டுக் குத்துவதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். ஜெட் பித்தளை, ஊசி இரும்பு. ஒருமுறை குத்தினால் துளை அகன்றுவிடும். அப்புறம் மைலேஜ் போனது போனதுதான். யார் குத்த வந்தாலும் கையைப் பிடி.

"இதெல்லாம் படித்த இன்ஜினியர் வேலை" என்று உன் மனசு இப்போது முணுமுணுக்கும். கோயம்புத்தூர்ப் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி.நாயுடுவை நினைத்துக்கொள். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டாத பையன். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து அசந்து நின்றார். ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே வண்டியை முந்நூறு ரூபாய்க்கு வாங்கினார். வாங்கி ஊர்வலம் போகவில்லை. பிரித்துப் போட்டார், மறுபடி பூட்டினார், அப்படித்தான் கற்றுக்கொண்டார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். ஹங்கேரியில் தோனாத் பாங்கியும் யானோஷ் சோங்காவும் கார்ப்பரேட்டருக்குக் காப்புரிமை பெற்றதும் அதே 1893தான். அந்தக் காப்புரிமையும் அவரும் ஒரே வயது. அவர் கை வைக்கும்போது அந்தக் கருவி இன்னும் புதிது. உனக்கு அது நூற்றிமுப்பது வருஷத்துப் பழசு. உனக்கு என்ன தயக்கம்?

நம் ஊர் மெக்கானிக்குகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பலர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்து, காதால் கேட்டுக் கேட்டே தொழிலைப் பிடித்தவர்கள். அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் முன்னால் தெரிந்தவளாக நில் என்கிறேன். "வண்டி ஓடலைண்ணா" என்று மட்டும் சொன்னால் "வுட்டுட்டுப் போம்மா, சாயங்காலம் பாக்கலாம்" என்பார். "பிளக் காஞ்சிருக்குண்ணா, ட்ரெயின் தொறந்தா பெட்ரோல் வரல, மூடி தொறந்தும் பாத்துட்டேன்" என்று சொல்லிப் பார். அவர் நிமிர்ந்து பார்ப்பார். நேராக டேப்பில் கை வைப்பார். நீயும் பக்கத்திலேயே நில், கழற்றியதைக் கேட்டு வாங்கிப் பார்.

மழைக்காலத்தில் இரட்டைக் கவனம் வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. எத்தனை வண்டிகள் தண்ணீரில் கிடந்தன! அப்படிக் கிடந்த வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதே. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். டேங்கின் அடியில் போய் உட்காரும், பெட்ரோல் எடுக்கிற வாயும் அங்கேதான் இருக்கிறது. இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து கீழே இறங்கிவிடும். ட்ரெயின் ஸ்க்ரூ வழியாக வந்ததைப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டு. அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் டேங்க் முழுவதையும் வடித்தாக வேண்டும்.

உன்னுடையது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டியா? அதில் கார்ப்பரேட்டரே இல்லை என்று கைவிட்டு உட்காராதே. வழி அதேதான், காவல் மட்டும் மாறியிருக்கிறது. டேங்குக்கு உள்ளேயே மோட்டார் பம்பு, கடைசியில் இன்ஜெக்டர். அந்த ஹோஸை மட்டும் நீ பிடுங்காதே. உள்ளே சுமார் மூன்று கிலோ அழுத்தம், உன் டயரில் இருப்பதைவிட அதிகம், பீய்ச்சியடிக்கும். ரிசர்வில் ஓட்டியே பழகாதே. அந்தப் பம்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றியிருக்கிற பெட்ரோல்தான். வண்டி நின்றால், சத்தமில்லாத இடத்தில் சாவியை ஆன் செய்து காதைக் கொடு. பம்பு இரண்டு மூன்று நொடி 'ம்ம்ம்' என்று ரீங்கரித்து அடங்க வேண்டும். கேட்கவில்லையா? கில் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா, சைடு ஸ்டாண்டு இறங்கியிருக்கிறதா, ஃப்யூஸ் போயிருக்கிறதா என்று பார். மீட்டரில் இன்ஜின் விளக்கு கண்சிமிட்டினால் நீளமாக எத்தனை, குட்டையாக எத்தனை என்று எண்ணி கையில் எழுதிக்கொள். பிறகு செஞ்சி மெக்கானிக்குக்குப் போன் போட்டு இப்படிச் சொல்: "அண்ணா, சாவி போட்டா பம்பு சத்தம் வரல. ஃப்யூஸ் நல்லாருக்கு, ஸ்டாண்டு மடிச்சுதான் இருக்கு. ரிலேவும் மல்டிமீட்டரும் எடுத்துட்டு வாங்க."